தனுஷ்கோடிப் பக்கம் பறவைப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன்: முதலில் எதைக் கற்க வேண்டும்?

வேதாளைக்காரி:

அனைவருக்கும் வணக்கம். நான் மண்டபத்தை அடுத்த வேதாளையில் வசிக்கிறேன். துபாயில் வேலை பார்க்கும் என் அண்ணன், தான் பயன்படுத்திய நிக்கான் டி5600 கேமராவையும் 70–300 லென்ஸையும் விடுமுறையில் வந்தபோது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய கடற்காகங்களையும் கொக்குகளையும் செம்பருந்துகளையும் ஒழுங்காகப் படமெடுக்க வேண்டும் என்ற ஆசை அதற்குப் பிறகுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டுமே எனக்கு ஓய்வு. ஸ்கூட்டரில் தனுஷ்கோடி வரைக்கும் போய்வர முடியும்.

என் படங்களில் தொடர்ந்து மூன்று சிக்கல்கள் வருகின்றன. வெள்ளைப் பறவைகள் இறகு தெரியாமல் வெறும் வெள்ளைத் திட்டாகப் பதிவாகின்றன. பறக்கும் பறவைகள் பெரும்பாலும் முதுகைக் காட்டியபடியோ கலங்கலாகவோ கிடைக்கின்றன. மணல் திட்டில் நிற்கும் சிறு பறவைகள், நான் கேமராவைத் தூக்குவதற்குள் எழுந்து போய்விடுகின்றன. 150–600 லென்ஸ் வாங்காமல் இந்தப் பக்கம் பறவைப் படம் எடுக்கவே முடியாது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அது உண்மைதானா? அனுபவமுள்ளவர்கள் வழி காட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாம்பன்வாசி:

சகோதரிக்கு வணக்கம். லென்ஸைப் பற்றிப் பிறகு பேசுவோம். நம் கடற்கரையில் பறவைப் படம் எடுக்க வருபவர், கேமராவின் எந்தப் பொத்தானையும் தொடுவதற்கு முன் காற்று எங்கிருந்து வீசுகிறது, வெயில் எங்கிருந்து விழுகிறது என்ற இரண்டையும் பார்த்து, அவற்றுக்கு ஏற்ற இடத்தில் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. உங்களுடைய இரண்டாவது சிக்கலில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே செல்லும். கடற்காகம் அலைக்கு மேல் ஒரே இடத்தில் மிதப்பதுபோல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்போதும் அதன் முகம் காற்று வரும் திசையில்தான் இருக்கும். ஆகவே காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் பறவை உங்களை நோக்கி வரும். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் உங்களுக்குக் கிடைப்பது அதன் வால்தான். இதோடு வெயிலும் உங்களுக்குப் பின்னாலிருந்து விழ வேண்டும். இரண்டும் ஒன்று சேரும் நேரம் எது என்பதை நம்மூர்க் காற்றே சொல்லிவிடும்.

ஐப்பசி முதல் மாசி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. அந்த மாதங்களில் காலைச் சூரியன் தென்கிழக்கை ஒட்டி எழுகிறது. எனவே பறவைகளுக்குக் கிழக்கே நின்று மேற்கு நோக்கிப் படமெடுத்தால், காற்றும் வெயிலும் ஏறத்தாழ உங்கள் பின்பக்கம் அமைந்துவிடும். பறவையின் முகமும் மார்பும் ஒளியோடு கிடைக்கும். தனுஷ்கோடியில் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். அரிச்சல்முனைச் சாலை தென்கிழக்கு நோக்கிப் போவதால், காலையில் போகிறவருக்குச் சூரியன் நேர் எதிரே இருக்கும். வழியில் பறவையைக் கண்டதும் வண்டியை நிறுத்தி அங்கிருந்தே எடுத்தால் கிடைப்பது கரிய நிழலுருவம்தான். பறவைகளைக் கடந்து சற்றுத் தூரம் போய், அங்கே இறங்கித் திரும்பி நில்லுங்கள். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரையிலான காலத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும். அப்போது மாலை வேளையில் பறவைகளுக்கு மேற்கே நின்று கிழக்கு நோக்கி எடுப்பதே சரி. வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை அந்த மாதங்களில் இங்கே இருக்காது. ஆனாலும் கடற்காகத்தைவிட மெலிந்த கடற்பறவைகளான ஆலாக்களும், செம்பருந்துகளும் பழகுவதற்குப் போதும்.

கலங்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காலை எட்டரை மணிக்கு மேல் மணல் சூடேறத் தொடங்கியதும் தரையை ஒட்டிய காற்று நடுங்குகிறது. கண்ணுக்குக் கானலாகத் தெரிவதற்கு முன்பே லென்ஸ் அதைப் பிடித்துவிடும். தொலைவில் நிற்கும் பறவையை அந்த நடுக்கத்தின் வழியாக எடுத்தால், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் இறகின் விளிம்பு கரைந்துதான் தெரியும். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு போகலாம் என்று எண்ணாமல், விடிந்தவுடன் தொடங்கி எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குக் கடற்காகத்தைவிட நல்ல ஆசான் கிடையாது. பூநாரையைத் தேடி அலைவதற்கு முன், பழுப்புத்தலைக் கடற்காகம் ஒன்றையே ஒரு பருவம் முழுவதும் எடுத்துப் பழகுங்கள். அது நிதானமாகப் பறக்கும், காற்றில் நின்று கொடுக்கும், மனிதர்களுக்கு அவ்வளவாக அஞ்சாது. குளிர்காலத்தில் அதன் தலை வெள்ளையாக, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டோடு இருக்கும். பங்குனி நெருங்கும்போது அதே தலை காப்பிப்பொடி நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும். வளர்ந்த பறவைக்குக் கண்ணின் பாவையைச் சுற்றியுள்ள வளையம் வெளிறியிருக்கும். அந்த வெளிறல் படத்தில் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால் ஃபோகஸ் கண்ணில் விழுந்திருக்கிறது என்று பொருள்.

உப்புக்கொத்தி:

மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. வெள்ளைத் திட்டுப் பிரச்சினையைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கேமராவின் ஒளிமானி, தான் பார்க்கும் காட்சி மொத்தமும் நடுத்தர ஒளி உடையது என்று எடுத்துக்கொள்கிறது. கருநீலக் கடலுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கொக்கு பறந்தால், காட்சியில் பெரும்பகுதி இருட்டு என்று கருதிக் கேமரா ஒளியைக் கூட்டிவிடும். அதனால் கொக்கு வெந்து வெளுத்துப் போகும். அதே கொக்கு வெயில் அடிக்கும் மணலில் நின்றால், எங்கும் வெளிச்சம் என்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடும். கொக்கு அழுக்குச் சாம்பல் நிறத்தில் வரும். எனவே கேமரா கணித்த ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, இருண்ட பின்னணியில் மைனஸ் பக்கமும், வெளிறிய மணலிலும் வானத்திலும் பிளஸ் பக்கமும் தள்ள வேண்டும். செம்பருந்தை வானத்தில் எடுக்கும்போது பிளஸ் 1 வரை வைத்தால்தான் இறக்கையின் அடிப்பக்கம் தெரியும்.

நின்றுகொண்டிருக்கும் பறவைக்கு இது போதும். தனுஷ்கோடியில் பறக்கும் ஆலா ஒன்று, ஓரிரு நொடிக்குள் மணல், வெள்ளை நுரை, நீலக் கடல், வானம் என்று நான்கு பின்னணிகளைக் கடந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் கேமரா தன் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் ஆலாவின் மேல் விழும் வெயிலோ மாறவே இல்லை. அதனால் தெளிந்த வானமுள்ள நாளில், எல்லா அளவுகளையும் நாமே வைக்கும் மேனுவல் முறையே எளிது. தொடங்குபவர்கள் மேனுவல் பக்கம் போகக்கூடாது என்று பலர் சொல்வார்கள். நம் கடற்கரையைப் பொறுத்தவரை நான் அதை ஏற்பதில்லை. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 400, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஷட்டர் வேகம் 1/1600 நொடி என்பது அடிப்படை. பறவை வெள்ளை என்றால் வேகத்தை 1/2500 அல்லது 1/3200க்கு ஏற்றுங்கள். இறகின் வரிகள் மீளும். விடிந்த புதிதில் ஒளி இதைவிடக் குறைவு என்பதால் வேகத்தைக் குறைக்காமல் ஐ.எஸ்.ஓ.வை 800க்கோ 1600க்கோ உயர்த்துங்கள். மேகம் வந்து வந்து போகும் நாளில் மட்டும், உணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வுக்கு மாறுங்கள். ஒரு படம் எடுத்ததும், அதன் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வரைபடம் வலது ஓரச் சுவரில் மோதி நின்றால் வெள்ளை போய்விட்டது என்று அர்த்தம்.

உங்கள் லென்ஸ் 300 மி.மீ.யில் எஃப் 6.3 அளவுக்குத்தான் திறக்கும் என்று நினைக்கிறேன். எஃப் 8இல் வைத்தால் கூர்மை சற்றுக் கூடும். ஃபோகஸைத் தொடர் முறையான ஏஎஃப்–சியில் வைத்து, ஒன்பது புள்ளிகளின் தொகுதியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் கேமரா பறவையை விட்டுவிட்டு அலையின் நுரையைப் பிடித்துக்கொள்ளும். கேமரா சுருக்காமல் பதியும் ரா கோப்பாக எடுப்பது நல்லது. ஆனால் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் இந்தக் கேமரா சிறிது நேரத்தில் மூச்சு வாங்கும். சிறு சிறு தொடராக அழுத்துங்கள்.

நாட்டுப்படகு:

தங்கைக்கு வணக்கம். எனக்குக் கேமராவைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் எங்கள் குடும்பம் கடல் தொழிலில் இருப்பதால், பறவை எப்போது எங்கே கூடும் என்பதைச் சொல்ல முடியும்.

இராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கடலுக்குச் செல்கின்றன; மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. ஆக, ஞாயிறு காலை என்பது உங்களுக்குத் தற்செயலாக வாய்த்த நல்ல நாள். படகு அணையும்போது வலையிலிருந்து உதறிப்போடும் கழிவு மீனுக்காகக் கடற்காகங்களும் செம்பருந்துகளும் கொக்குகளும் மொய்த்துவிடும். செம்பருந்து நீரின் மேல்பரப்பில் கிடக்கும் மீனைக் காலால் அள்ளிக்கொண்டு போகும் காட்சியை அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் தடைக்காலம் என்பதால், அப்போது துறைமுகத்துக்குப் போய்ப் பயனில்லை. நாட்டுப்படகு வந்து சேரும் கரைகளைப் பார்க்க வேண்டும். தொழில் நடக்கும் இடத்தில் படமெடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஐஸ் பெட்டி தூக்கி வருபவரின் வழியில் முக்காலியை விரித்து நிற்பது யாருக்கும் பிடிக்காது.

தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பதைக் கண்டால் அங்கேயே இருந்துவிடுங்கள். மீன் சேரும் பையான வலையின் மடி கரையை நெருங்க நெருங்க ஆலாக்கள் அதன் மேலேயே வட்டமிடும். மடி எங்கே வந்து சேரும் என்பது கயிறு வரும் திசையிலேயே தெரிந்துவிடுவதால், முன்கூட்டியே இடம் பார்த்து உட்கார்ந்துகொள்ளலாம்.

இன்னொன்று, வடக்கே இருக்கும் பெண்கடலும் தெற்கே இருக்கும் ஆண்கடலும் ஒன்றுபோல் இருக்காது. பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, அலை அடங்கியிருக்கும், கடல் வற்றும்போது சேற்றுத்தரை வெளியே தெரியும். சிறு கரைப்பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இரை தேடுவது அங்கேதான் அதிகம். நம் பக்கம் கடல் ஏறி இறங்கும் உயரம் குறைவாக இருந்தாலும், தரை தட்டையாக இருப்பதால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வற்றும் பரப்பு கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

உப்புக்கொத்தி:

நாட்டுப்படகு அண்ணன் சொன்ன சேற்றுத்தரையில்தான் சகோதரியின் மூன்றாவது சிக்கலுக்கான விடையும் இருக்கிறது. கடல் வற்றியிருக்கும்போது பறவையைத் தேடி நடக்காதீர்கள். நீர் திரும்ப ஏறத் தொடங்கும் நேரத்தில், அது எந்தப் பக்கமாக ஏறி வரும் என்று பார்த்து, அதற்கு முன்பே மணலில் படுத்துவிடுங்கள். நீர் ஏற ஏற, பறவைகள் தாமாகவே உங்களை நோக்கி நகர்ந்து வரும். படுத்திருக்கும் மனிதனை அவை நிற்பவனைப்போல் அஞ்சுவதில்லை. படமும் பறவையின் கண் மட்டத்திலிருந்து கிடைக்கும்; பின்னணி வெகு தொலைவுக்குத் தள்ளிப்போய் மென்மையாகக் கரைந்துவிடும். நின்ற நிலையில் குனிந்து எடுத்த உள்ளான் படத்தில் பறவையைவிட மணல்தான் அதிகம் தெரியும். முழங்கை மணலில் படும்படி எடுத்த படத்தில் அதன் அலகு நுனியில் ஒட்டியிருக்கும் சேற்றுத்துளிகூடத் தெரியும். ஒரு துணிப்பையில் அரிசியோ உமியோ நிரப்பி லென்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டால் முக்காலி தேவையில்லை.

நெருங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நேர்க்கோட்டில் நடக்காமல், சாய்வாக, வேறு எங்கோ போகிறவரைப்போல் நகருங்கள். இரை கொத்திக்கொண்டிருந்த பறவை தலையை நிமிர்த்தி அசையாமல் நின்றால், நீங்களும் நின்றுவிட வேண்டும். அது மறுபடி குனிந்து கொத்தத் தொடங்கிய பிறகே அடுத்த அடி. இந்த உள்ளான்களில் பல, வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் கூடு கட்டிவிட்டு வந்தவை. மாசி, பங்குனியில் திரும்பிப் போவதற்கு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவற்றை விரட்டி விரட்டிப் படமெடுப்பது, அந்தப் பயணத்துக்கான சேமிப்பில் கைவைப்பதாகும். காலில் வளையமோ சிறு கொடியோ தெரிந்தால், அதன் நிறமும் எழுத்தும் தெரியும்படி ஒரு படம் எடுத்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். அழகில்லாத படமாக இருந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு.

வேதாளைக்காரி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அரிச்சல்முனைச் சாலையில் பறவைகளைக் கடந்து போய்த் திரும்பி நிற்பது எனக்குத் தோன்றவே இல்லை. மேலும் மூன்று கேள்விகள் உண்டு. பூநாரைகளை எவ்வளவு நெருங்கலாம்? சக்கரக்கோட்டைக் கண்மாயிலும் சித்திரங்குடியிலும் கூடு கட்டியிருக்கும் நாரைகளை எடுப்பது சரியா? லென்ஸ் விஷயத்தில் நீங்கள் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. இவற்றோடு, உப்புக்காற்றில் கேமராவைப் பாதுகாப்பது எப்படி என்பதையும் சொன்னால் அண்ணனிடம் திட்டு வாங்காமல் தப்பிப்பேன்.

பாம்பன்வாசி:

லென்ஸைப் பொறுத்தவரை, உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 300 மி.மீ. லென்ஸ் முழு அளவுச் சென்சாரில் 450 மி.மீ. தரும் பார்வைக் கோணத்தைத் தருகிறது. துறைமுகக் கடற்காகத்துக்கும் செம்பருந்துக்கும் படுத்து எடுக்கும் உள்ளானுக்கும் இது போதும். கண்மாயின் நடுவே உள்ள மரத்தில் அமர்ந்திருக்கும் கூழைக்கடாவுக்கு மட்டும் போதாது. 150–600 லென்ஸ் ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. அதைக் கையில் பிடித்து வாடைக்காற்றில் ஆலாவைத் தொடர்வது தொடக்கத்தில் பெரும்பாடு. ஒரு வாடைக்காலம் கையிலிருப்பதை வைத்துப் பழகிவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தின் மேலிருந்து எடுத்தால் பறவை கண் மட்டத்தில் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அது உண்மைதான், ஆனாலும் பேருந்துகள் ஒட்டி உரசிக்கொண்டு போகும் இடத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீங்கள் இருக்கும் பக்கத்திலேயே உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. அதன் பெயரே ஐ.என்.எஸ். பருந்து. பெயர் பருந்து என்பதற்காக அந்தப் பக்கம் நீள லென்ஸைத் திருப்பிவிடாதீர்கள். ட்ரோன் பறக்கவிடும் எண்ணமும் வேண்டாம்.

உப்புக்கொத்தி:

பூநாரைகளுக்கு இத்தனை மீட்டர் என்று அளவு வைப்பதைவிட அவற்றின் நடத்தையைப் பார்ப்பது மேல். நீருக்குள் தலையைக் கவிழ்த்து வடிகட்டித் தின்றுகொண்டிருக்கும் கூட்டத்தில் பல கழுத்துகள் ஒரே நேரத்தில் உயர்ந்து, கூட்டம் மொத்தமும் உங்களிடமிருந்து விலகி நடக்கத் தொடங்கினால், நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். கோதண்டராமர் கோயில் சாலையை ஒட்டிய தேங்கலில் அவை நிற்கும் நாள்களில், தெரிந்தவர் யாருடைய காராவது கிடைத்தால் அதற்குள் இருந்தபடியே, எஞ்சினை அணைத்துவிட்டு எடுப்பது சிறந்தது. காரைப் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. கதவைத் திறந்து இறங்கும் மனிதரைக் கண்டால்தான் மிரளும். பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டிக் கிளப்பிவிடும் சுற்றுலாப் பயணிகளை அங்கே காண நேரும். 2025ஆம் ஆண்டு தனுஷ்கோடியைத் தமிழக அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருப்பதால், அப்படிச் செய்வது பண்புக்கேடு மட்டுமன்றிச் சட்ட மீறலும் ஆகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கும் வனத்துறை அனுமதியின்றிச் செல்லக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கூடுகளைப் பற்றி என் கருத்து கறாரானது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய இரண்டும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு, அங்கே கேமராவோடு வருவோர் கூடியிருக்கிறார்கள். கண்மாய்க் கரையில் நின்று, மஞ்சள்மூக்கு நாரை கருவேல மரத்துக்குச் சுள்ளி தூக்கி வருவதைத் தொலைவிலிருந்து எடுப்பதில் தவறில்லை. தண்ணீருக்குள் இறங்கி மரத்தை நெருங்குவது கூடாது. பெரிய பறவை மிரண்டு எழுந்தால், முட்டையையும் குஞ்சையும் காகம் தூக்க ஒரு நிமிடம் போதும். மணல்வெளிக் கூடுகள் இதைவிட ஆபத்தானவை. உப்புக்கொத்தியும் சின்ன ஆலாவும் வெறும் மணலில், மணல் நிறத்திலேயே முட்டை இடுகின்றன. கால் வைத்த பிறகுதான் தெரியும். ஒரு உப்புக்கொத்தி உங்கள் முன்னால் இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினால், அது உங்களைக் கூட்டிலிருந்து திசைதிருப்புகிறது என்று பொருள். அந்த நடிப்பைப் படமெடுக்க நிற்காமல், வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

பறவை ஒலியை அலைபேசியில் ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். வருகிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளுங்கள். நான்கு நாள்கள் பறவைகளை எண்ணிக் குறித்தால், எந்தப் பறவை எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

நாட்டுப்படகு:

உப்புக்கு நான் சொல்கிறேன். எங்கள் படகில் ஜி.பி.எஸ். கருவியையும் வயர்லெஸ்ஸையும் இப்படித்தான் காப்பாற்றுகிறோம். கரையில் இருக்கும்போது லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது. வீடு திரும்பியதும் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளுங்கள். மணல் இருக்கும்போதே துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த மெல்லிய துணியால் வெளிப்பக்கம் முழுவதையும், குறிப்பாக ஜூம் வளையத்தின் இடுக்குகளையும் துடையுங்கள். உலர்ந்த துணி உப்பைத் தேய்த்துப் பரப்புமே தவிர எடுக்காது. ஈரம் காய்ந்த பிறகு, மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். இராமநாதபுரத்தில் மருந்துக் கடைகளிலும் செருப்புக் கடைகளிலும் கேட்டால் அந்தப் பொட்டலங்களைச் சும்மாவே கொடுப்பார்கள். நிறம் மாறும் வகையாக இருந்தால், மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறட்டி மறுபடி பயன்படுத்தலாம். அதைச் சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.